பாக்கெட் ரேடியோ முனையம்: பழைய பாம்டாப்பா, கைப்பேசியா, ராஸ்பெரி பையா?

குளச்சலைச் சேர்ந்த ஒரு தம்பி அண்மையில் ஹாம் வானொலி, அதாவது தனிநபர்கள் பொழுதுபோக்காக நடத்தும் வானொலிக்கான உரிமம் வாங்கினார். உரிமம் கைக்கு வந்த வாரமே நாகர்கோவிலில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். "அண்ணே, பாக்கெட் ரேடியோவுக்கு எந்தக் கருவியை வாங்கலாம்?" என்று கேட்டார். பையில் போட்டுக்கொண்டு நடக்க முடிய வேண்டும், கரண்ட் இல்லாத நாளிலும் ஓட வேண்டும், செலவு கைக்கு அடங்க வேண்டும். இந்த மூன்றையும் அவர் தெளிவாகச் சொன்னார். நான்காவதாக ஒன்றை நான் சேர்த்தேன்: திரையில் தமிழ் தெரிய வேண்டும். கடைசியில் முடிவைத் தீர்மானித்தது அந்த நான்காவதுதான்.

பாக்கெட் என்றவுடன் சட்டைப் பை நினைவுக்கு வரும். இங்கே அது பால் பாக்கெட் என்கிற பொருளில் வருகிறது. அனுப்ப வேண்டிய எழுத்துகளை அளவாகப் பொதி கட்டி, அனுப்புபவர் அடையாளமும் பெறுபவர் அடையாளமும் ஒட்டி, வானொலி அலையில் ஏற்றிவிடுவது பாக்கெட் ரேடியோ. ஏஎக்ஸ்.25 என்பது அதன் நெறிமுறை. இரண்டு மீட்டர் அலைவரிசையில் வழக்கமான வேகம் நொடிக்கு 1200 பிட். வானொலி செட்டின் ஒலிபெருக்கியில் கேட்டால் 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுருதிகள் மாறி மாறிக் கரகரப்பது கேட்கும். ஒவ்வொரு பொதியின் வாலிலும் 16 பிட் சரிபார்ப்பு எண் இருக்கும். அது பொருந்தாவிட்டால் பொதி தள்ளப்படும். இரண்டு நிலையங்கள் ஒன்றோடொன்று இணைந்து, பொதி வந்து சேர்ந்ததற்கு ஒப்புகை சொல்லிக்கொள்ளும் இணைப்பு முறையில் பேசிக்கொண்டிருந்தால் அதே பொதி திரும்ப அனுப்பப்படும். ஆக, ஒரு பெயர் முழுதாக வந்து சேரும், அல்லது வரவே வராது. பாதி சிதைந்து வேறொரு பெயராக மாறி வராது.

இது ஏன் நம் மாவட்டத்துக்கு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கடந்து போனபோது மின்கம்பங்கள் சாய்ந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, கைப்பேசியும் பயனற்றுக் கிடந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று மேற்குக் கடற்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: யார் கரை சேர்ந்தார்கள், யார் சேரவில்லை? அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு பட்டியல். நம் கடற்கரையில் ஒரே தெருவில் நான்கு சூசை இருப்பார்கள், ஐந்து அந்தோணி இருப்பார்கள். தகப்பன் பெயரும் ஊரும் படகின் பெயரும் சேர்ந்தால்தான் ஆள் இன்னாரென்று தெரியும். அதைக் குரலில் படித்துக் காட்டினால் ஒரு பெயருக்கு 20 நொடி ஆகும். 100 பெயருக்கு அரை மணி நேரத்துக்கு மேல். படிப்பவர் தொண்டை வறண்டு, எழுதுபவர் காது சோர்ந்து, நடுவில் ஒரு தகப்பன் பெயர் மாறிவிட்டால் அந்தப் பிழையைச் சுமப்பது ஒரு குடும்பம். 2004 டிசம்பரில் அந்தமானில் இருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் குழு, சுனாமிக்குப் பிறகு பெருநிலப் பகுதிக்குச் செய்திகளைக் கடத்தியது. குரலின் வலிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பட்டியல் என்று வந்துவிட்டால் எழுத்துதான் வேண்டும்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இது கடலில் இருக்கும் படகோடு பேசுவதற்கான வழி இல்லை. படகுகளின் வயர்லெஸ் செட் வேறு அலைவரிசை. அதன் அழைப்புச் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். நம் உரிமம் அங்கே செல்லாது. நாம் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள இரண்டு மீட்டர் எல்லைக்குள், கரைக்கும் கரைக்கும் இடையே செய்தி கொண்டுபோகிறவர்கள்.

இனிக் கருவிகளுக்கு வருவோம். எதை வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஏஎக்ஸ்.25 என்ற மூளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. டிஎன்சி என்பது கணினிக்கும் செட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து எழுத்தை ஒலியாகவும் ஒலியை எழுத்தாகவும் மாற்றும் பெட்டி. அமெரிக்காவின் டூசான் நகரத்து ஹாம்கள் 1980களில் உருவாக்கிய டிஎன்சி-2 போன்ற பெட்டிகளில் மூளை பெட்டிக்குள்ளேயே இருக்கும். அதனோடு எழுத்தை அனுப்பவும் காட்டவும் தெரிந்த எந்த மலிவான முனையத்தையும் இணைக்கலாம். பிறகு வந்த கிஸ் முறையில் பெட்டி ஒலியை மாற்றித் தரும் வெறும் மோடமாகச் சுருங்கி, மூளை கணினிக்கு மாறியது. இன்று விற்பனைக்கு வரும் சிறு டிஎன்சிகளில் பெரும்பாலானவை கிஸ் மட்டுமே தெரிந்தவை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கிஸ் பெட்டியை வாங்கி, அதை ஒரு சாதாரண டெர்மினல் செயலியோடு இணைத்துவிட்டு, திரையில் குப்பை வருகிறதே என்று தவித்தவர்கள் உண்டு. பெட்டியில் பழுது எதுவும் இருக்காது. அது கணினியிடம் எதிர்பார்த்த மூளை அங்கே இல்லை, அவ்வளவுதான்.

நான் முதலில் நேசித்த கருவி ஹியூலெட் பேக்கார்டின் 200எல்எக்ஸ். 1994-இல் வந்த பாம்டாப். சட்டைப் பையில் அடங்கும், டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும், மூடித் திறக்கும் கணினி. 640க்கு 200 புள்ளிகள் கொண்ட திரை, உண்மையான சீரியல் போர்ட், உள்ளேயே ஒரு டெர்மினல் மென்பொருள். டிஎன்சி-2 வகைப் பெட்டியோடு சேர்த்தால் வேறெதையும் நிறுவ வேண்டியதில்லை. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்டார்ச் பேட்டரி இரண்டு போட்டால் ஓடும். தேங்காய்ப்பட்டினத்துப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பேட்டரி அது. கரண்ட் இல்லாத மூன்றாம் நாளில் இதன் அருமை தெரியும். சீரியல் போர்ட் விழித்திருக்கும்போது பேட்டரி வேகமாகக் கரையும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். திரைக்குப் பின்னொளி கிடையாது. உச்சி வெயிலில் மொட்டை மாடியில் நின்று படிக்க இதைப் போன்ற திரை வேறில்லை. அந்தி சாய்ந்தால் பக்கத்தில் டார்ச் பிடிக்க வேண்டும். கேபிளிலும் ஒரு நுட்பம் உண்டு. கணினியோடு இணைப்பதற்கென்று வந்த கேபிளில் அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் மாற்றிக் கட்டப்பட்டிருக்கும். டிஎன்சிக்கு அதை மறுபடி மாற்றும் ஓர் இணைப்பி தேவை.

இதே குடும்பத்தில் 1983-இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 இருக்கிறது. முழு அளவு விசைப்பலகை, நான்கு பென்டார்ச் பேட்டரி, 40 எழுத்து அகலத்தில் எட்டு வரி. கையில் எடுத்துப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் நம் ஊரில் தேடிப் பிடிப்பது கடினம். விசைப்பலகை இல்லாத பாம் பைலட் வகைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். குச்சியால் ஒவ்வோர் எழுத்தாகக் கீறிப் பெயர்ப் பட்டியல் எழுத முடியாது.

200எல்எக்ஸை நான் விட்டுக்கொடுத்த காரணம் தமிழ். அந்த டாஸ் திரையில் யூனிகோடு தமிழைக் காட்ட வழியில்லை. ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயரை எழுதலாமே என்று நானும் முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் உட்கார்ந்து 30 பெயர் எழுதிப் பார்த்தேன். சூசை என்பதை மூன்று விதமாக எழுதலாம். குடும்ப அட்டையில் ஒன்று, ஆதாரில் இன்னொன்று, படகு உரிமத்தில் வேறொன்று. ணகரமும் நகரமும் ஒன்றாகிவிடுகின்றன, ழகரம் என்ன ஆகிறது என்று சொல்லவே வேண்டாம். பட்டியலைப் பெறுகிறவர் அதைத் திரும்பத் தமிழில் வாசிக்கும்போது ஆள் மாறுகிறார். குரலில் நேரும் அதே பிழையை எழுத்தில் செய்வதற்கு இத்தனை பாடு எதற்கு?

தமிழில் அனுப்பினால் சுமை கூடும் என்பது உண்மை. யூனிகோடின் வழக்கமான வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். எழுத்து ஒரு குறி, அதோடு ஒட்டும் கொம்போ புள்ளியோ இன்னொரு குறி. சூசை என்பதில் நான்கு குறிகள், அதாவது 12 பைட். அந்தோணி என்பதில் ஏழு குறிகள், 21 பைட். பாக்கெட் ரேடியோவில் இடக்குறிப்பும் குறுஞ்செய்தியும் அனுப்பும் ஏபிஆர்எஸ் முறையில் ஒரு குறுஞ்செய்தியின் எல்லை 67 பைட் என்பதால், தமிழில் 22 குறி எழுதியதும் இடம் முடிந்துவிடும். ஒரு பெயரும் ஊரும் அடங்கினால் பெரிது. ஆனால் இணைப்பு முறையில் கோப்பாக அனுப்பும்போது கணக்கு அத்தனை மோசமில்லை. ஒருவருக்கு 50 குறி வீதம் 100 பேருக்கு ஏறத்தாழ 15,000 பைட். நொடிக்கு 150 பைட் போகும் பாதையில் அது 100 நொடி. பொதித் தலைப்பு, ஒப்புகை, செட் அனுப்புவதற்கும் கேட்பதற்கும் மாறும் தாமதம் எல்லாவற்றுக்கும் இரு மடங்கு வைத்தாலும் மூன்றரை நிமிடத்துக்குள் முடியும். இன்னும் ஒரு நல்ல செய்தி: தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே, இரண்டாம் பைட் இரண்டே வகை. இப்படித் திரும்பத் திரும்ப வரும் எழுத்து, சுருக்கும் மென்பொருளில் போட்டால் நன்றாகச் சுருங்கும். விண்லிங்க் வகை வானொலி அஞ்சல் அனுப்பும் முன் செய்தியைச் சுருக்கித்தான் அனுப்புகிறது.

பழைய டிஎன்சி-2 பெட்டி ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றின் தொடக்க அமைப்பு ஏழு பிட் எழுத்துக்கானது. எட்டாவது பிட்டை வெட்டி எறிந்துவிடும். தமிழ்க் குறியின் மூன்று பைட்டிலும் எட்டாவது பிட் உண்டு என்பதால் ஒரு சொல்கூட மிஞ்சாது. ஏடபிள்யூலென் 8, பாரிட்டி 0, 8பிட்கான்வ் ஆன் என்று மூன்று கட்டளைகளையும் கொடுத்து முனையத்தையும் எட்டு பிட்டுக்கு மாற்றிய பிறகே தமிழை அனுப்புங்கள்.

அடுத்தது, டிஎன்சி உள்ளேயே பொருத்திய கையடக்க செட். கென்வுட்டின் டிஎச்-டி72, டிஎச்-டி74, டிஎச்-டி75 ஆகியவை இந்த வகை. கம்பிகளின் எண்ணிக்கை குறைகிறது. உப்புக் காற்றில் ஒவ்வோர் இணைப்பியும் பச்சைக் களிம்பு பிடிக்கும் நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. 72-இல் மூளையும் உள்ளேயே இருக்கிறது, யூஎஸ்பி கம்பி போதும். 74 கிஸ் மட்டும் அறிந்தது, ஆனால் புளூடூத் உண்டு. விலை ஒரு சாதாரண சீன செட்டைப் போலப் பல மடங்கு. செட் பழுதானால் வானொலியும் டிஎன்சியும் ஒரே நாளில் போய்விடும் என்பதும் என் தயக்கம். பணம் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். உரிமம் இல்லாமல் இந்த ஹாம் செட்டுகளை வைத்திருக்கவே கூடாது என்பதை மட்டும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது, ஆண்ட்ராய்டு கைப்பேசியும் மொபிலிங்க்ட் போன்ற சிறு கிஸ் டிஎன்சியும். ஏபிஆர்எஸ்டிராய்டு செயலியைப் போட்டால் நடந்துகொண்டே இடக்குறிப்பும் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். தமிழ் இயல்பாகத் தெரிகிறது, தட்டச்சும் எல்லோருக்கும் பழக்கம். இந்தச் சோடியோடு மருந்துவாழ் மலையில் ஏறி, சர்வதேச விண்வெளி நிலையம் கடந்துபோகும் நேரத்தில் 145.825 மெகாஹெர்ட்ஸில் காத்திருந்திருக்கிறேன். நிலையத்தின் பாக்கெட் கருவி இயங்கும் நாட்களில், ஐந்து வாட் கையடக்க செட்டின் பொதி மேலே போய் அப்படியே திரும்பி வரும். ஒரு கடப்புக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்தப் பத்து நிமிடத்தின் நடுவில் என் கைப்பேசி பேட்டரியைச் சேமிப்பதாக நினைத்துச் செயலியைத் தூங்கவைத்து, புளூடூத் இணைப்பையும் அறுத்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தச் செயலிக்குப் பேட்டரிச் சேமிப்பிலிருந்து விலக்கு கொடுத்தேன். யூஎஸ்பி கம்பி வழியும் உள்ள டிஎன்சியாகத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினேன். கம்பி என்றால் செட்டின் அலை அதற்குள் புகுந்து கைப்பேசியை உறையவைக்கும். கம்பியில் ஒரு ஃபெரைட் வளையம் மாட்டி, செட்டை ஒரு கை தூரம் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். நடமாட்டத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. நீண்ட பட்டியலுக்கு மட்டும் இது எனக்குப் போதவில்லை.

நான்காவது, ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் பலகைக் கணினி. 2021-இல் வந்த ஜீரோ 2 டபிள்யூ என்ற சின்னப் பலகை ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. அதில் டயர்வுல்ஃப் என்ற மென்பொருளைப் போட்டால் தனி டிஎன்சியே தேவையில்லை. ஒரு யூஎஸ்பி ஒலிப் பொருத்தி, செட்டுக்கு ஒரு கேபிள், அனுப்பும் விசையை இயக்க ஒரு சின்னச் சுற்று, இவை போதும். குரல் கேட்டுத் தானே அனுப்பும் வாக்ஸ் முறையை நம்ப வேண்டாம். பொதி முடிந்த பிறகும் அது அலையைப் பிடித்துக்கொண்டே இருக்கும், எதிர்முனையின் ஒப்புகை அதற்குள் வந்து மோதும். நான் முதலில் இதற்கு ஒரு குட்டித் திரையும் விசைப்பலகையும் சேர்த்துக் கையடக்கக் கணினியாகக் கட்டினேன். தமிழ் அங்கேயும் காலை வாரியது: டெர்மினல் சாளரத்தில் கொம்பு ஒரு கட்டத்திலும் எழுத்து இன்னொரு கட்டத்திலும் நின்றன. படிக்கலாம், ஆனால் அவசரத்தில் படிக்க முடியாது.

வழி தெரிந்தது பிறகுதான். ராஸ்பெரி பைக்குள் டயர்வுல்ஃபோடு பாட் என்ற விண்லிங்க் அஞ்சல் மென்பொருளையும் போட்டேன். இது தன் பக்கங்களை உலாவியில் காட்டும். பலகை தானே ஒரு வைஃபை வட்டத்தைப் போடும். கைப்பேசி அதில் சேர்ந்து உலாவியைத் திறந்தால் அஞ்சல் பெட்டி தெரியும். இணையம் தேவையில்லை, இடையில் எந்த நிலையமும் தேவையில்லை. இரண்டு ஹாம் நிலையங்கள் நேருக்கு நேர் இணைந்து அஞ்சலை மாற்றிக்கொள்ளலாம். கைப்பேசியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பதால் ஆண்ட்ராய்டு, ஐபோன் என்ற வேறுபாடும் போய்விட்டது. நம் ஊரில் கரண்ட் இல்லாத நாளில் ஒரு வீட்டில் நான்கு கைப்பேசி இருந்தால் ஒன்றிலாவது சார்ஜ் மிச்சம் இருக்கும். எது உயிரோடு இருக்கிறதோ அதுவே அன்றைய முனையம்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. பென்டார்ச் பேட்டரியில் இது ஓடாது. 10,000 மில்லிஆம்பியர் பவர் பேங்க் ஒன்றில் பலகையும் ஒலிப் பொருத்தியும் 15 மணி நேரம் தாங்கும் என்பது என் கணக்கு. அதற்குமேல் 12 வோல்ட் பேட்டரியும் மாற்றியும் வேண்டும். மின்சாரத்தைச் சட்டென்று பிடுங்கினால் நினைவக அட்டை கெட்டுப்போகலாம். முறையாக அணைக்கப் பழகுவதோடு, அதே அட்டையின் நகல் ஒன்றைச் சின்ன டப்பாவில் போட்டுத் தோள்பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் அமைப்புக்கு இரண்டு மூன்று மாலைப் பொழுதுகள் செலவாகும்.

எந்தக் கருவியாக இருந்தாலும் தூரம் ஆண்டெனாவின் உயரத்தைப் பொறுத்தது. தரையில் நிற்பவர் கையில் இருக்கும் செட்டின் வானொலி அடிவானம் ஐந்து கிலோமீட்டர்தான். தென்னந்தோப்பு அதையும் குறைக்கும். பத்து மீட்டர் உயரத்து ஆண்டெனாவுக்கு அது 13 கிலோமீட்டர். இரண்டு முனையிலும் அப்படி இருந்தால் நாகர்கோவிலும் குளச்சலும் நேராகப் பேசலாம். அதனால் பலகை, செட், பேட்டரி மூன்றையும் மூடிபோட்ட டப்பாவில் வைத்து மாடியில் ஆண்டெனாவுக்கு அடியிலேயே கட்டிவிடலாம். கைப்பேசி வீட்டுக்குள், மழைக்கு ஒதுங்கி இருக்கும். பாம்டாப்பாக இருந்திருந்தால் இடவப்பாதி மழையில் நானும் குடை பிடித்து மாடியில் நின்றிருப்பேன்.

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது: கையில் இருக்கும் சாதாரண செட்டோடு ஜீரோ 2 டபிள்யூ பலகையைச் சேர்த்துக் கட்டுங்கள், திரைக்கு வீட்டுக் கைப்பேசி போதும். நடந்துகொண்டே வேலை செய்ய வேண்டிய தேவை வந்தால் பிறகு ஒரு கிஸ் டிஎன்சி வாங்கலாம். பாம்டாப்புக்கு இப்போது பணம் போட வேண்டாம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் விற்கவும் வேண்டாம், எண்களையும் சிறு குறிப்புகளையும் அனுப்ப அது இன்றும் நம்பகமானது. இன்னொன்று: சங்கேதத்தில் அனுப்ப நம் உரிமம் இடம் தராது, காற்றில் போவதை யாரும் எடுத்துப் படிக்கலாம். பெயர், தகப்பன் பெயர், ஊர், படகு, நலம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; ஆதார் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

தம்பி கட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை மாலை, குளச்சல் மாடியிலிருந்து எனக்கு ஒரு சோதனைப் பட்டியல் அனுப்பினார். தன் தெருவில் உள்ள 40 வீட்டுக்காரர்களின் பெயர்கள். விசை அழுந்திய பிறகு பொதி கிளம்பும் முன் காத்திருக்கும் நேரமான டிஎக்ஸ்டிலே மதிப்பு குறைவாக இருந்ததால் முதல் முயற்சியில் பொதிகளின் தலை வெட்டுப்பட்டு எதுவும் வரவில்லை. 300 மில்லிநொடிக்கு ஏற்றியதும் பட்டியல் முழுதாக இறங்கியது. நான் அதைப் பார்த்து அப்படியே திருப்பி அனுப்பினேன். கீழே அடுக்களையில் இருந்த அவருடைய அம்மாவின் கைப்பேசியில் அது திறந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்துவிட்டு, "மக்களே, பதினேழாவது வீட்டில் தகப்பன் பெயர் தப்பு, அது அவருடைய அண்ணன் பெயர்" என்றாராம். தம்பி திருத்தி மறுபடியும் அனுப்பினார். இருட்டுவதற்குள் சரியான பட்டியல் என் கைக்கு வந்துவிட்டது.